ஆர்.சி. படகு ஈ.எஸ்.சி.க்குத் தண்ணீர்க் குழாய் மாட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏரிக்கரையிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரே சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி வருவதால் அவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். ஆர்.சி. என்றால் ரிமோட் கன்ட்ரோல். ஈ.எஸ்.சி. என்றால் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கன்ட்ரோலர். ஓடும்போது அது சூடாகும், அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் இந்தத் தண்ணீர்க் குழாய். இங்கே பேசுவது பெரும்பாலும் 60 முதல் 90 செ.மீ. நீளமுள்ள, பிரஷ்லெஸ் மோட்டாரும் 3எஸ் முதல் 6எஸ் வரை (அதாவது 3 முதல் 6 செல்கள் தொடராக இணைத்த) லைப்போ எனும் லித்தியம் பாலிமர் பேட்டரியும் போட்ட வேகப் படகுகளைப் பற்றி. பெட்ரோல், நைட்ரோ எஞ்சின் படகுகள் தனிக் கதை.

அண்ணா, ஈ.எஸ்.சி.க்குள்ள தண்ணி விட்டா ஷார்ட் ஆயிடாதா?

தண்ணீர் சர்க்யூட்டில் படுவதில்லை. ஈ.எஸ்.சி.க்குள் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட்கள் வரிசையாக இருக்கும். சூடு பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. அவற்றின் முதுகில் சூட்டைக் கடத்தும் மெல்லிய பட்டை, அதன் மேல் அலுமினியத் தகடு, தகட்டோடு சேர்ந்த ஒரு குழாய். தண்ணீர் அந்தக் குழாயில் மட்டும் ஓடி வெளியே போய்விடும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு நிப்பிள்கள் அதன் இரண்டு முனைகள்.

பெட்டியில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று போட்டிருப்பது வேறு விஷயம். மேலே தண்ணீர் தெறித்தால் தாங்கும் என்பதற்கு அந்த வார்த்தை. சில வாட்டர்ப்ரூஃப் கார் ஈ.எஸ்.சி.களில் தண்ணீர்க் குழாயே கிடையாது. குழாய் வைத்த சில படகு ஈ.எஸ்.சி.கள் நனைந்தால் தாங்காது. வாங்கும்போது இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

என்னோடது சின்ன போட்டுதான். கட்டாயம் வாட்டர் கூலிங் வேணுமா?

இழுவைப் படகு, மீன்பிடிப் படகு மாதிரி மெதுவாகப் போகும் மாடல்கள் ஐந்து பத்து ஆம்பியர்தான் இழுக்கும். அவற்றுக்குத் தேவையில்லை. மூடிய படகுக்குள் காற்றோட்டம் கிடையாது என்பதால் 30 ஆம்பியரைத் தாண்டும் எதற்கும் நான் குழாய் மாட்டச் சொல்வேன். ஃபேன் வைத்த கார் ஈ.எஸ்.சி.யைப் படகில் போட்டு, மூடியை டேப் ஒட்டி அடைத்தால் அந்த ஃபேன் அதே சூடான காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றிக்கொண்டிருக்கும்.

பம்ப் எதுவும் காணோமே, அப்புறம் தண்ணிய உள்ள தள்ளுறது எது?

படகின் வேகம்தான். முன்னோக்கித் திறந்த ஒரு சின்னக் குழாய் தண்ணீரில் விரைந்து போகும்போது அதன் வாயில் அழுத்தம் ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. கணக்குப் போட்டால் விஷயம் சட்டென்று புரியும். மணிக்கு 5 கி.மீ. நடை வேகத்தில் கிடைக்கும் அழுத்தம் தண்ணீரை 10 செ.மீ. உயரத்துக்குத்தான் ஏற்றும், அதாவது ஈ.எஸ்.சி. வரைக்கும் தட்டுத் தடுமாறி வரும். 18 கி.மீ.யில் 1.25 மீட்டருக்கும் கொஞ்சம் மேல். 36 கி.மீ.யில் 5 மீட்டர். 72 கி.மீ.யில் 20 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 2 பார் அழுத்தம்.

குழாயின் உரசலிலும் வளைவுகளிலும் இதில் ஒரு பங்கு போய்விடும். இருந்தாலும் இந்த எண்களை ஞாபகத்தில் வையுங்கள். மெதுவாகப் போனால் ஏன் தண்ணீர் வருவதில்லை, வேகமாகப் போனால் ஏன் டியூப் பிடுங்கிக்கொள்கிறது என்ற இரண்டுக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது.

எந்த டியூப் வாங்கணும்? அக்வேரியம் டியூப், மெடிக்கல் ஷாப்புல கிடைக்குற டிரிப் டியூப் போடலாமா?

சிலிக்கான் டியூப் வாங்குங்கள். உள்விட்டம் 3, வெளிவிட்டம் 5 மி.மீ. என்பது சிறிய, நடுத்தரப் படகுகளுக்குப் போதும். 120 ஆம்பியருக்கு மேற்பட்ட ஈ.எஸ்.சி.களின் பெரிய நிப்பிள்களுக்கு 4, 6 மி.மீ. அளவு. நிப்பிளின் வெளிவிட்டத்தைவிட டியூபின் உள்விட்டம் ஒரு மி.மீ. போலக் குறைவாக இருக்க வேண்டும். கையால் இழுத்து மாட்டும்போது கொஞ்சம் முரண்டு பிடித்தால் அளவு சரி.

அக்வேரியம் காற்று டியூப் அவசரத்துக்கு ஓடும், ஆனால் அது பெரும்பாலும் பி.வி.சி. சூட்டில் இளகி நிப்பிளிலிருந்து நழுவும், நாளாக ஆக விறைத்துப்போகும். டிரிப் டியூப் அதைவிடச் சன்னம். ஒரு முறை மடங்கினால் மடங்கின இடத்திலேயே திரும்பத் திரும்ப மடங்கும். ஒரு மீட்டர் நல்ல சிலிக்கான் டியூப் விலையையும் ஒரு ஈ.எஸ்.சி. விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

ரெண்டு நிப்பிள்ல எது இன், எது அவுட்?

பெரும்பாலான ஈ.எஸ்.சி.களில் எதுவும் எதுவாகவும் இருக்கலாம், உள்ளே இருப்பது வெறும் குழாய். மோட்டாரைச் சுற்றி மாட்டும் தண்ணீர் உறையான வாட்டர் ஜாக்கெட்டில் மட்டும் கீழே இருக்கும் நிப்பிளில் தண்ணீர் நுழைந்து மேலே இருப்பதில் வெளியேறட்டும். தலைகீழாகப் போட்டால் ஜாக்கெட்டின் மேல்பாதியில் காற்று அடைபட்டு நின்றுவிடும்.

தண்ணி எடுக்குற வாயை எங்க வைக்கிறது? சுக்கான்லயா, அடியிலயா?

நாலு வழி இருக்கிறது. ஒன்று, சுக்கானிலேயே துளை. சுக்கான் இலையின் முன்விளிம்பில் சின்ன ஓட்டை, உள்ளே மேலே ஏறும் பாதை, மேலே ஒரு நிப்பிள். வேகப் படகுகளுக்கு என் முதல் தேர்வு இதுதான். ஹைட்ரோ, அவுட்ரிக்கர் வகைப் படகுகளின் உடம்பு வேகத்தில் தண்ணீரைவிட்டு எழும்பிவிடும். அப்போதும் தண்ணீருக்குள் நிச்சயமாக இருப்பது சுக்கானும் ப்ரொப்பெல்லரும்தான். படகில் புதிதாக ஓட்டை போடவும் வேண்டியதில்லை. குறை என்னவென்றால் அந்தத் துளை சிறியது, பாசி ஒரு நூல் போதும் அடைக்க. சுக்கான் திரும்பும்போது டியூபும் கூடவே திரும்பும், அங்கே கொஞ்சம் தளர்வு விட வேண்டும்.

இரண்டாவது, பின்பலகையில் திருகும் தனிக் குழாய். மாட்டுவது சுலபம், இரண்டாவது லைன் வேண்டும் என்றால் இதைச் சேர்ப்பேன். அதன் வாய் படகின் அடிமட்டத்துக்குச் சில மி.மீ. கீழே, முன்னோக்கி இருக்க வேண்டும். மூன்றாவது, அடிப்பகுதியைத் துளைத்து, முனையைச் சாய்வாக வெட்டிய பித்தளைக் குழாயை முன்னோக்கி ஒட்டுவது. வி வடிவ அடி உள்ள படகில் நடுக்கோட்டுக்கு அருகே, பின்பக்கமாக வையுங்கள். முன்பக்கமாக வைத்தால் படகு எழும்பும்போது காற்றைத்தான் குடிக்கும். ஒட்டின இடத்தில் எப்பாக்ஸி தாராளமாக இருக்கட்டும்.

நான்காவது வழி, ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் குழாய் வாயை அதை நோக்கி வைப்பது. ப்ரொப்பெல்லர் தள்ளும் தண்ணீரே உள்ளே ஏறும் என்பதால் படகு மெதுவாகப் போனாலும் ஓட்டம் இருக்கும். நிஜக் கப்பலை அப்படியே சின்னதாக்கின ஸ்கேல் மாடல்களுக்கு அருமை. பாதி தண்ணீருக்கு வெளியே சுழலும் சர்ஃபேஸ் ப்ரொப்பெல்லர்களுக்கு இது ஒத்துவராது. அங்கே பின்னால் வருவது காற்றும் நுரையும் கலந்த தண்ணீர்.

வெளியேறுற ஓட்டை எந்தப் பக்கம் இருக்கணும்?

கரையிலிருந்து உங்கள் கண்ணுக்குத் தெரியும் பக்கம். தண்ணீர் மட்டத்துக்கு மேலே, பக்கச் சுவரில், பீய்ச்சும் தாரை தெளிவாகத் தெரிகிற இடம். பின்பலகையில் வைத்தால் ப்ரொப்பெல்லர் கிளப்பும் நீர்த்தூவலில் எதுவும் தெரியாது. படகு ஓடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லும் ஒரே மீட்டர் அந்தத் தாரைதான்.

எந்தச் சுற்றில் ஓட்டுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். அமெரிக்காவின் நாம்பா, இம்ப்பா என்ற மாடல் படகுச் சங்கங்களின் பந்தயங்களில் கடிகாரச் சுற்றில் ஓட்டுவார்கள். கரையில் நின்று அப்படி ஓட்டினால் படகு நமக்கு அருகில் கடக்கும்போது தெரிவது அதன் இடப்பக்கம். தாரையும் இடப்பக்கம் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம்.

முதல்ல மோட்டாருக்கு விடணுமா, ஈ.எஸ்.சி.க்கு விடணுமா?

ஒரே லைன்தான் என்றால் முதலில் ஈ.எஸ்.சி., அப்புறம் மோட்டார். காரணத்தைக் கணக்காகவே பார்க்கலாம். ஈ.எஸ்.சி. 20 வாட் சூடு தருகிறது, மோட்டார் 150 வாட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் ஓடினால் ஈ.எஸ்.சி.யைக் கடந்த தண்ணீர் அரை டிகிரிக்குச் சற்று மேல் சூடாகும். மோட்டாரைக் கடந்தால் 4 டிகிரிக்கு மேல். ஈ.எஸ்.சி.க்கு முதலில் விட்டால் மோட்டாருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

ஆக, ஓட்டம் நன்றாக இருந்தால் வரிசை மாறினாலும் குடி முழுகிப்போகாது. இதற்காகச் சண்டை போடும் அளவுக்கு விஷயம் இல்லை என்பது என் எண்ணம். ஓட்டம் நிமிடத்துக்கு 100 மி.லி.யாகச் சுருங்கும்போதுதான் வரிசை முக்கியமாகிறது: மோட்டாரைத் தாண்டி வரும் தண்ணீர் அப்போது 21 டிகிரி கூடுதல் சூட்டோடு ஈ.எஸ்.சி.க்குள் நுழையும். வெயில் காலத்து ஏரித் தண்ணீரே 30 டிகிரியைத் தொட்டிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒய் கனெக்டர் போட்டு ரெண்டாப் பிரிச்சா நல்லதுதானே?

பார்க்க அப்படித்தான் தோன்றும். ஆனால் தண்ணீர் சரிபாதியாகப் பிரியாது. கூட்டம் குறைந்த கவுண்டருக்கு ஆட்கள் ஓடுகிற மாதிரி, தடை குறைந்த பக்கமே பெரும்பங்கு ஓடும். மோட்டார் ஜாக்கெட் அகலமானது, ஈ.எஸ்.சி. குழாய் குறுகலானது. பாசி ஈ.எஸ்.சி. பக்கம் அடைத்துக்கொண்டாலும் தாரை என்னவோ ஜம்மென்று வந்துகொண்டே இருக்கும், மோட்டார் வழியாக.

பிரிக்கத்தான் வேண்டும் என்றால் வெளியேறும் ஓட்டையாவது இரண்டாக இருக்கட்டும், இரண்டையும் கண்ணால் பார்க்க முடியும். அதைவிட நல்லது இரண்டு தனி வாய், இரண்டு தனி லைன்: சுக்கானிலிருந்து ஈ.எஸ்.சி.க்கு ஒன்று, பின்பலகையிலிருந்து மோட்டாருக்கு ஒன்று.

டியூப் வளைவுல மடங்கிடுது, என்ன பண்றது?

நீளத்தைக் கூட்டி வளைவைப் பெரிதாக்குங்கள். இடமில்லை என்றால் டியூபின் மேல் ஒரு ஸ்பிரிங்கைச் செருகினால் மடங்காது. மூடியை மூடின பிறகு பேட்டரி டியூபின்மேல் உட்காருகிறதா என்றும் பாருங்கள், பாதி மடிப்புகள் அப்படித்தான் வருகின்றன.

ஃபுல் ஸ்பீடுல டியூப் கழண்டு போட்டுக்குள்ள தண்ணி ரொம்பிடுச்சு. கிளாம்ப் போடணுமா?

போடணும். 72 கி.மீ.யில் 2 பார் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்த அழுத்தத்தில் கழன்ற டியூப் படகுக்குள் குழாயைத் திறந்துவிட்டதற்குச் சமம். ஒவ்வொரு நிப்பிளிலும் சின்ன கேபிள் டை அல்லது ஸ்பிரிங் கிளிப் போடுங்கள். கேபிள் டையை வெறி பிடித்த மாதிரி இறுக்கினால் டியூபை அறுத்துவிடும். டியூப் லேசாக அமுங்கினால் போதும். மாட்டுவதற்கு முன் நிப்பிளில் எண்ணெய் தடவாதீர்கள், எச்சிலோ தண்ணீரோ போதும்.

இணைப்புகளைக் குறைப்பது இன்னும் நல்ல வைத்தியம். ரிசீவருக்கும் பேட்டரி கனெக்டருக்கும் நேர் மேலே எந்த இணைப்பும் வர வேண்டாம். மூக்குப் பக்கமும் ஓரங்களிலும் மிதக்கும் ஃபோம் அடைத்து வையுங்கள். தண்ணீர் ரொம்பினாலும் படகு மேலேயே கிடக்கும்.

மாட்டியாச்சு. ஏரிக்குப் போகாமலே சரியா இருக்கான்னு பார்க்க முடியுமா?

முடியும், மொட்டை மாடிப் படியோ நாற்காலியோ போதும். இரண்டு லிட்டர் பாட்டிலின் அடியில் டியூபைச் செருகி, மறுமுனையைப் படகின் தண்ணீர் வாயில் பொருத்துங்கள். பாட்டிலில் தண்ணீர் மட்டம் வாயைவிட ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். இது மணிக்கு சுமார் 16 கி.மீ. வேகத்தில் கிடைக்கும் அழுத்தத்துக்குச் சமம். வெளியேறும் தண்ணீரை ஒரு நிமிடம் அளவுக் குவளையில் பிடியுங்கள். கால் லிட்டர்கூடத் தேறவில்லை என்றால் எங்கோ மடிப்போ அடைப்போ இருக்கிறது, அல்லது ஒரு நிப்பிளின் துளை மிகச் சிறியது. துளையின் விட்டம் பாதியானால் ஓட்டம் பாதியாகக் குறைவதோடு நிற்காது, பல மடங்கு விழும். லைனில் இருப்பதிலேயே குறுகலான இடம்தான் மொத்த ஓட்டத்தையும் தீர்மானிக்கும்.

கசிவு பார்க்க, வெளியேறும் ஓட்டையை விரலால் அடைத்து, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சால் தண்ணீரை அழுத்துங்கள். இணைப்புகளைச் சுற்றி டிஷ்யூ பேப்பர் வைத்தால் ஒரு சொட்டுக்கூடத் தெரியும். பேட்டரியை மட்டும் எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

தண்ணில விட்டதும் தாரை வரல, கொஞ்ச தூரம் போனாத்தான் வருது. பரவால்லையா?

பரவாயில்லை, காலி டியூப் நிறைய நேரம் வேண்டும், வேகமும் வேண்டும். ரிவர்ஸ் எடுக்கும்போதும் வராது. அலையில் துள்ளும்போது விட்டு விட்டு வருவதும் இயல்பு. நல்ல வேகத்தில் நேராக ஓடும்போது தாரை முன்பைவிட மெலிந்திருந்தால் அதுதான் கவலைப்பட வேண்டிய அறிகுறி, கரைக்குக் கொண்டு வாருங்கள்.

நம் ஏரிகளில் பெரும்பாலும் பாசியும் ஆகாயத்தாமரை வேர்த்துணுக்கும்தான் காரணம். இதில் இரட்டை ஆபத்து இருக்கிறது: தண்ணீர் வாயை அடைக்கும் அதே பாசி ப்ரொப்பெல்லரிலும் சுற்றி மோட்டார் இழுக்கும் ஆம்பியரை ஏற்றிவிடும். சூடு கூடுகிற நேரத்தில் குளிர்ச்சி நின்றுபோகும். அடைப்பு எடுக்க, வெளியேறும் பக்கத்திலிருந்து சிரிஞ்சால் தண்ணீரைப் பின்னோக்கி அழுத்துங்கள். நுழையும் பக்கத்திலிருந்து அழுத்தினால் குப்பையை ஈ.எஸ்.சி.க்குள் இன்னும் ஆழமாகத் தள்ளுவீர்கள். வாயில் சல்லடை கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம், சல்லடைதான் முதலில் அடையும்.

தண்ணி மெதுவாப் போனாத்தான் அதிக சூட்டை எடுக்கும்னு ஒருத்தர் சொன்னாரு. அவுட்லெட்டைச் சின்னதாக்கணுமா?

ரொம்ப நாளாக உலவும் நம்பிக்கை. மெதுவாகப் போகும் தண்ணீர் வெளியே வரும்போது தொட்டால் சூடாக இருக்கும் என்பது உண்மை. அதனால் அது அதிகச் சூட்டை எடுத்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் லிட்டருக்கு எவ்வளவு எடுத்தது என்பது முக்கியமில்லை, நிமிடத்துக்கு எவ்வளவு எடுத்தது என்பதுதான் முக்கியம். ஓட்டம் கூடக் கூடத் தகடு தண்ணீரின் சூட்டுக்கு நெருக்கமாக இறங்கும். வெளியேறும் தண்ணீர் கையில் குளிர்ச்சியாகப் பட்டால் அது நல்ல செய்தி.

மிகக் குறுகலான அவுட்லெட் லைனுக்குள் அழுத்தத்தை ஏற்றி, மேலே சொன்ன டியூப் கழலும் பிரச்சினையையும் கூட்டி வரும். நுழையும் துளைக்குக் குறையாத அளவில் வெளியேறும் துளை இருக்கட்டும்.

சார், தண்ணி பிரமாதமா வருது. ஆனாலும் ஈ.எஸ்.சி. எரிஞ்சு போச்சு, இது ரெண்டாவது. ஏன்?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். தண்ணீர்க் குழாய் தொடுவது மாஸ்ஃபெட்களின் தகட்டை மட்டும். ஈ.எஸ்.சி.யின் முனையில் வரிசையாக நிற்கும் கெப்பாசிட்டர்களையோ, ரிசீவருக்கும் சுக்கானைத் திருப்பும் சர்வோவுக்கும் கரன்ட் தரும் பி.இ.சி. பகுதியையோ, கனெக்டர்களையோ அது பெரும்பாலும் தொடுவதே இல்லை. கெப்பாசிட்டர் வெடித்தோ வீங்கியோ போயிருந்தால் பேட்டரி வயர் நீளத்தைப் பாருங்கள். ஈ.எஸ்.சி. மின்னோட்டத்தை விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி விடுகிறது. பேட்டரி வயர் நீளமாக இருந்தால் ஒவ்வொரு வெட்டின்போதும் எழும் வோல்டேஜ் துள்ளலைக் கெப்பாசிட்டர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும், அதில் அது சூடாகிறது. நீட்ட வேண்டும் என்றால் மோட்டார் பக்க வயரை நீட்டுங்கள், பேட்டரி பக்கம் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

மாஸ்ஃபெட்தான் போனது என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது ப்ரொப்பெல்லர். அதே சுற்று வேகத்தில், ப்ரொப்பெல்லர் விழுங்கும் சக்தி விட்டத்தின் ஐந்தாம் மடிக்கு ஏற்பக் கூடும். ஆக்டுரா கம்பெனியின் எக்ஸ்440 ப்ரொப்பெல்லரைக் கழற்றி எக்ஸ்442 மாட்டினால் விட்டம் 40 மி.மீ.யிலிருந்து 42 மி.மீ., கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. சுமை சுமார் 28 சதவீதம் கூடிவிடும். பேட்டரியை 3எஸ்-லிருந்து 4எஸ்-க்கு மாற்றுவது இதைவிடப் பெரிய தாவல். அதே மோட்டார், அதே ப்ரொப்பெல்லர் என்றால் ஆம்பியர் ஏறக்குறைய 1.8 மடங்கு ஆகும். மின்தடையால் வரும் சூடு ஆம்பியரின் இருமடிப்படி கூடும் என்பதால் ஈ.எஸ்.சி.யின் சூடு மூன்று மடங்கைத் தாண்டும். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு, பேட்டரி மட்டும்தான் மாத்தினேன்" என்பவர்கள் எல்லோருக்கும் இதுதான் பதில்.

தண்ணீர் லைனை எவ்வளவு அழகாக மாட்டினாலும் தவறான ப்ரொப்பெல்லரைச் சரிக்கட்ட முடியாது. இரண்டாவது ஈ.எஸ்.சி. எரிந்தவர் மூன்றாவதை வாங்குவதற்கு முன் ஒரு வாட் மீட்டரோ, ஆம்பியரைப் பதிவு செய்யும் டேட்டா லாகரோ வாங்கட்டும். பார்க்க வேண்டிய எண் படகு தண்ணீரில் ஓடும்போது இழுக்கும் ஆம்பியர். கையில் தூக்கிப்பிடித்துச் சுழற்றும்போது வரும் எண்ணால் பயனில்லை.

ஃபுல் த்ராட்டில்ல ஓட்டவே இல்ல, பாதிதான். அப்பவும் ஏன் சூடு?

பாதி த்ராட்டில் ஈ.எஸ்.சி.க்கு ஓய்வு என்று நினைக்கிறோம், பல நேரம் நேர்மாறு. முழு த்ராட்டிலில் மாஸ்ஃபெட் வெட்டாமல் திறந்தே இருக்கும் நேரம் அதிகம். பாதியில் அது ஓயாமல் திறந்து மூட வேண்டும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சூடு. மோட்டார் சுருளில் சுற்றும் மின்னோட்டம் பேட்டரியிலிருந்து வருவதைவிட அதிகமாகவும் இருக்கும். அதோடு, படகு எழும்பாமல் மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுதுகொண்டே போகும் அந்த இடைநிலை வேகத்தில் சுமை அதிகம், தண்ணீர் அழுத்தமோ குறைவு. முடுக்கிப் படகு எழும்பி ஓடும் வேகத்துக்குக் கொண்டு போங்கள், அல்லது நன்றாகக் குறைத்துவிடுங்கள்; நடுவில் நெடுநேரம் தங்காதீர்கள்.

எவ்வளவு சூடு வரைக்கும் சரி? எப்படி அளக்குறது?

ஓட்டி முடித்துக் கரைக்கு வந்தவுடன் ஈ.எஸ்.சி. 60 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதியாக இருங்கள். விரல் வைத்து சில விநாடி பொறுக்க முடியவில்லை என்றால் அதைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். லைப்போவும் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது. மோட்டாரில் இருக்கும் சாதாரண ரக நியோடிமியம் காந்தங்களுக்கு 80 டிகிரி வாக்கில் எல்லை, அதற்கு மேல் காந்த பலம் நிரந்தரமாகவே குறையத் தொடங்கும்.

துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் பளபளப்பான அலுமினியத்தில் பொய் சொல்லும், உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அளக்கும் இடத்தில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன்மேல் அளவெடுங்கள். தகட்டை மட்டும் பார்க்காமல் கெப்பாசிட்டர், பி.இ.சி., பேட்டரி கனெக்டர் எல்லாவற்றையும் பாருங்கள். தகடு குளிர்ந்திருக்க, கனெக்டர் கொதித்துக்கொண்டிருக்கும் படகுகள் நிறைய உண்டு.

நடுவுல ஸ்பீடு தானா குறைஞ்சிடுது. பேட்டரி கட்-ஆஃபா, சூடு கட்-ஆஃபா?

பேட்டரி இறங்கினாலோ சூடு ஏறினாலோ ஈ.எஸ்.சி. தானே சக்தியைக் குறைப்பதுதான் கட்-ஆஃப். சில ஈ.எஸ்.சி.கள் விளக்கு சிமிட்டியோ பீப் ஒலித்தோ வித்தியாசம் சொல்லும், கையேட்டைப் பாருங்கள். இல்லை என்றால் கரைக்கு வந்ததும் ஒவ்வொரு செல்லையும் அளவிடுங்கள். எல்லாம் 3.7 வோல்ட்டுக்கு மேல் நின்றால், ஈ.எஸ்.சி.யும் தொட முடியாமல் சுட்டால், சூடுதான். செல் நன்றாக இருந்து ஈ.எஸ்.சி.யும் குளிர்ச்சியாக இருந்தால் சந்தேகம் பழைய பேட்டரி மேல். சும்மா இருக்கும்போது வோல்டேஜ் சரியாகக் காட்டும், இழுக்கும்போது சரிந்துவிடும்.

பிளேன் ஈ.எஸ்.சி. ஒண்ணு சும்மா கிடக்கு. அதுல குழாய் ஒட்டி போட்டுக்கு மாத்தலாமா?

மாடல் விமானத்து ஈ.எஸ்.சி.யில் 40 ஆம்பியர் வரைக்கும் செய்து பார்க்கலாம். மேலுறையைக் கிழித்து, மாஸ்ஃபெட் பக்கத்து அலுமினியத் தகட்டைக் கண்டுபிடியுங்கள். வெளியே 4 மி.மீ. விட்டமுள்ள அலுமினியக் குழாயை யு வடிவில் வளைத்து, சூடு கடத்தும் எப்பாக்ஸியால் தகட்டில் ஒட்டுங்கள். மணல் நிரப்பி வளைத்தால் குழாய் நசுங்காது, அப்புறம் மணலை ஒரு துகள் விடாமல் கழுவி எடுங்கள். தகட்டுக்கும் மாஸ்ஃபெட்டுக்கும் நடுவில் இருக்கும் இன்சுலேஷன் பட்டையை மட்டும் தொடாதீர்கள். அது கிழிந்தால் முதல் கேள்வியில் பயந்த ஷார்ட் உண்மையிலேயே நடக்கும்.

பிளேன் ஈ.எஸ்.சி.யில் பெரும்பாலும் ரிவர்ஸ் கிடையாது, பாசியில் சிக்கினால் பின்னால் வர முடியாது. 60 ஆம்பியருக்கு மேல் தேவை என்றால் இந்த வேலையை விட்டுவிடுங்கள். ஹாபிவிங் சீக்கிங் மாதிரி குழாயோடு வரும் படகு ஈ.எஸ்.சி. வாங்குவதே மேல்.

கடல்லயும் உப்பங்கழியிலயும் ஓட்டலாமா? உப்பு என்ன செய்யும்?

ஓட்டலாம், வேலை கூடும். அலுமினியத் தகடும் பித்தளை நிப்பிளும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்புத்தண்ணீர் நின்றால் அலுமினியம் கரையத் தொடங்கும். நாளடைவில் வெள்ளைப் பொடி பூத்துக் குழாயையே அடைத்துவிடும். ஓட்டி முடித்ததும், கரையிலேயே, சிரிஞ்சால் நல்ல தண்ணீர் அரை லிட்டராவது லைனில் விட்டுக் கழுவுங்கள். அப்புறம் ஊதி மிச்சத் தண்ணீரை வெளியேற்றுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் உப்பு காய்ந்துவிடும்.

மெதுவாப் போற பெரிய மாடலுக்குச் சின்ன பம்ப் வைக்கலாமா?

ஆம்பியர் அதிகம் இழுக்கும், வேகமோ நடை வேகம்தான் என்ற படகுகளுக்கு அது சரியான தீர்வு. கனமான போர்க்கப்பல் மாடல்கள் அப்படி. ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் வாய் வைக்கும் வழியை முதலில் முயன்று பாருங்கள், அது போதாவிட்டால் பம்ப். அதற்கு பி.இ.சி.யிலிருந்து கரன்ட் எடுக்காதீர்கள், பி.இ.சி. மயங்கினால் ரிசீவரும் கூடவே போய், படகு நடு ஏரியில் நின்றுவிடும். பம்புக்குத் தனி பேட்டரி வையுங்கள்.

ரெண்டு மோட்டார், ரெண்டு ஈ.எஸ்.சி. போட்ட கேட்டமரானுக்கு எப்படி?

இரண்டு முழுத் தனி லைன். இடப்பக்கத்து வாய் இடப்பக்க ஈ.எஸ்.சி.க்கும் மோட்டாருக்கும், வலப்பக்கத்தது வலத்துக்கு, இரண்டு தாரைகள். ஒரே வாயிலிருந்து நாலாகப் பிரித்தால் ஒய் கனெக்டரில் சொன்ன பிரச்சினை இங்கே இன்னும் சிக்கலாகும். வளைவில் ஒரு பக்கத்து உடல் அமுங்கி மறுபக்கத்து உடல் எழும்பும்போது ஒரு வாய் காற்றைக் குடிக்கலாம், அது சில விநாடிதான், பாதகமில்லை.

ஒரு ஈ.எஸ்.சி. மட்டும் சூட்டில் வேகத்தைக் குறைத்தால் படகு தானாக அந்தப் பக்கம் இழுக்கும். சுக்கானை நேராக நிறுத்த ரிமோட்டில் திருப்பும் ட்ரிம்மில் கோளாறு என்று நினைத்துப் பலர் ட்ரிம்மைத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். ஓடத் தொடங்கும்போது நேராகப் போய், கொஞ்ச நேரம் கழித்து மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து போனால் ட்ரிம்மைத் தொடாமல் அந்தப் பக்கத்துத் தாரையைப் பாருங்கள்.